சீயக்காய் எண்ணெயை எப்படி எடுக்கிறது?

நல்லெண்ணெய் வைத்த தலையை வெறும் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் பிசுக்கு போகாது. சீயக்காய் தேய்த்தால் போகிறது. ஏன்? காயில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் சர்க்கரைப் பகுதி தண்ணீரோடு சேரும். மறுபகுதி எண்ணெயைப் பற்றும். அதனால் எண்ணெய் பொடித்துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடுகிறது. நுரை குறைவுதான், ஆனால் நுரையா அழுக்கை எடுக்கிறது?

சோப்பு காரம்; முடியின் மேற்செதில்களைத் தூக்கிச் சிக்காக்கும். உப்புத் தண்ணீரென்றால் திரிந்து தலையிலேயே படியும். சீயக்காய்க் கரைசலோ லேசான அமிலம். செதில்கள் படிந்தே கிடக்கும். சீயக்காய்த் தூளை வடித்த கஞ்சியில் குழைப்பதிலும் காரணம் உண்டு: மாவுச்சத்து தூளை வழியாமல் பிடித்துவைக்கும்.

பூந்திக்கொட்டையிலும் வேலை செய்வது சப்போனின் வகைதான். கண்ணில் பட்டால் எரியவைப்பதும் அதுவே.