ஓலை, தாள், ஒளிப்பலகை: தீவகத்துக் கைக்குறிப்புகள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்குதல் வேண்டும் என்பதும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன என்பதும், பிற சரக்கேற்றிய மரக்கலமாயின் இருவர்க்கும் செம்பாதி என்பதும் அதனால் அறியப்படும். ஊராத்துறை என்பது இக்காலத்து ஊர்காவற்றுறையே. அரசன் ஆணைக்குக் கல் கிடைத்தது. அத்துறையிலே நாள்தோறும் சரக்கெண்ணிய கணக்கனோ கல்லைத் தேடியிரான். பனையோலை நறுக்கிலேயே குறித்திருப்பான். கல் நின்றது, நறுக்குகள் போயின. நாட்குறிப்பை எதில் எழுதுவது, எழுதியதை எவ்வாறு காப்பது என்னும் அப்பழைய வினா, திரையின்மேற் கையால் எழுதும் மின்கருவிகள் மாணாக்கர் கைக்கு வந்துள்ள இந்நாளிலே மீண்டும் எழுந்துள்ளது.

நெடுந்தீவு முதலாய தீவுகளிலே பனைக்குக் குறைவில்லை. ஆயினும் பனையோலை யாவும் ஏடாகிவிடா. முற்றலும் குருத்தும் அல்லாத ஓலையைத் தெரிந்து, ஈர்க்கை நீக்கி, அவித்து உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தல் வேண்டும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினாற் சுவடியாம். எழுதுவோன் ஏட்டை இடக்கையிற் பிடித்து, அக்கைப் பெருவிரலால் எழுத்தாணியைத் தாங்கிச் செலுத்துவான். மேசையும் வேண்டா, மையும் வேண்டா. கீறி முடித்தபின் கரியும் இலைச்சாறும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்தால், கீறலில் மை தங்கி எழுத்துத் துலங்கும். இதற்கு மையாடல் என்று பெயர். தீவகத்துச் சிறார் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே எழுத்தாணி பிடித்தனர். பச்சரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கும் வழக்கம் இன்றும் அதன் எச்சமாய் நிற்கின்றது.

எழுதுகருவி எழுத்தையும் மாற்றியது. ஓலையின் நரம்போடு ஒத்த நேர்கோடு ஏட்டைக் கிழிக்குமாதலால் எழுத்துக்கள் வளைவு பெற்றன என்பர். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டெழுதினர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றமையால், படிப்போன் பொருளறிந்தே எழுத்தறிய நேர்ந்தது. ஏட்டை வாசிக்கக் கற்றவன் மொழியைக் கற்றவனாகவும் இருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவேயாம்.

ஏட்டின் ஆயுள் சிறிது. ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்றும் இராமபாணப் பூச்சியும் கரையானும் தீவுகளில் அதனை மேலும் குறைப்பன. ஆதலின் பழுதுறுமுன் வேறோர் ஏட்டிற் படியெடுத்தலே முன்னோர் கண்ட காப்பு. ஒரு தலைமுறை அதனை மறந்தால் நூல் மாயும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபொழுது, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடினார். அவர் மீட்டவை இலக்கண இலக்கிய நூல்களே. வீட்டு வைத்தியன் வாகடக் குறிப்பையும், ஆசிரியன் எண்சுவடியையும், கடலோடியின் கணக்கையும் அச்சேற்றுவார் எவருமிலர்.

தாள் போர்த்துக்கேயரோடும் ஒல்லாந்தரோடும் பரவிற்று. கடதாசி என்னும் சொல்லும், காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்னும் சொல்லும் போர்த்துக்கேயம் தந்தவை. பின்னர் ஆங்கிலப் பாடசாலையோடு கொப்பி வந்தது. படியெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பெயர் நிலைத்ததே யன்றிப் படியெடுக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. ஏடு எழுதியவன் அதன் அழிவை எதிர்பார்த்தான். கொப்பி எழுதியவன் அவ்வாறு எண்ணவில்லை.

அதன் விளைவைத் தீவகம் நன்கறியும். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியைக் கையிலெடுத்தவர் உண்டு. பாடக்குறிப்பையும் கவிதைக் கொப்பியையும் சுமந்தவர் சிலரே. இன்னொரு படி எங்கேனும் இருந்தவை மட்டுமே பிழைத்தன. ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980), 1679இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்திலே கண்டு, அதன் ஒளிப்படப் பதிப்பை 1966இல் வெளிக்கொணர்ந்தார். தமிழ்நாட்டார்க்கும் ஈழத்தார்க்கும் எட்டாதிருந்த நூலொன்று கடல்கடந்த ஒரு படியாலே மீண்டது.

இனி ஒளிப்பலகையை நோக்குவோம். அதில் ஒருவகை, கண்ணாடித் திரையின்கீழ்க் கம்பிவலை கொண்டது. வலை எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்து எழுதுகோல் தனக்கு வேண்டும் வலுவைப் பெற்றுத் தான் நிற்குமிடத்தை உணர்த்தும். கோலுக்கு மின்கலம் வேண்டியதில்லை. மின்மைத் திரையோ, நுண்ணிய குமிழ்களிலே கருமையும் வெண்மையுமாகிய மின்னேற்றத் துகள்களை அடைத்துச் செய்யப்பட்டது. எழுத்து மாறும்போது மட்டுமே அது மின் செலவிடும், காட்டிக்கொண்டிருக்கச் செலவில்லை. ஓராயிரம் கொப்பிகளை ஒரு பலகையிலே அடக்கலாம், அழித்தெழுதலாம், ஒருநொடியிற் படியெடுக்கலாம்.

கற்றலுக்கு எது நன்று? தட்டெழுதுவோர் சொல்லை அப்படியே பெய்ய, கையால் எழுதுவோர் சுருக்கிச் சிந்தித்து எழுதுவதால் பொருளை நன்குணர்வர் என்று 2014இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. பின்வந்த மறுசோதனைகளில் அவ்வேற்றுமை அத்துணைத் தெளிவாகக் காணப்படவில்லை. ஆயினும் விரிவுரையைச் சுருக்கி எழுதுதல் என்பது ஒரு பயிற்சி. அப்பயிற்சி தாளிலும் ஆகும். கோல்கொண்டெழுதும் திரையிலும் ஆகும்.

தீவுக்கு வேறொரு தடையுண்டு, அது மின்சாரம். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையிற் சேராது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. அம்மூன்று தீவுகளிலும் சூரியவொளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்க, இந்தியாவின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. எனினும் தாளே உறுதியான துணை என்று கொள்வதும் பிழையாகும். 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி வற்றித் தாள் இறக்குமதி தடைப்பட, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அம்மாத இறுதியிலேயே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டிற்று. தாளுமில்லை, மின்னுமில்லை என்னும் அந்நிலையிலே பனை மட்டுமே வழக்கம்போல் நின்றது.

மின்படிக்கு மூப்பு விரைவில் வரும். கையெழுத்தை ஏற்கும் நியூட்டன் என்னுங் கருவியை அப்பிள் நிறுவனம் 1993இல் வெளியிட்டு 1998இற் கைவிட்டது. ஈழத்தார் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் ஆக்கிய கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாக் கணினியிலே பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றும். ஓலை சில நூற்றாண்டு தாங்கிற்று. மின்படி பத்தாண்டுக்கொருமுறை புதிய வடிவுக்கும் புதிய தட்டுக்கும் மாற்றப்படல் வேண்டும். ஆகவே மாணாக்கன் கொப்பியில் எழுதுவதே தீவில் எளிது. தவணை முடிவிலே பக்கங்களைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, ஒரு படியை ஊரிலும் ஒரு படியைப் புலம்பெயர்ந்த உறவினரிடத்தும் வைத்தல் செலவற்ற காப்பு.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களோடு ஏட்டுச்சுவடிகளையும் இம்முறையிற் படமாக்கி வருகின்றனர். வீட்டுப் பரணிற் கிடக்கும் சுவடியை எடுப்போர் அறியவேண்டுவது சில உள. கயிற்றை அறுத்தலாகாது, அவிழ்த்தல் வேண்டும். ஏட்டின் வரிசையெண்ணைப் பார்த்து இருபுறமும் படம்பிடித்தல் வேண்டும். மையாடாத ஏட்டிலே நேரொளியில் ஒன்றும் தோன்றாது. விளக்கைப் பக்கத்தே தாழ்த்திப் பிடித்தால், கீறல்களில் நிழல் விழுந்து எழுத்துக்கள் எழும்பி நிற்கும்.