கிரவல் றோட்டில் கிளச்: இரண்டு விரல் போதும்

போன மழைக்குப் பிறகு ஒரு செய்திக்காக ஒட்டுசுட்டான் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். பெரிய வேகம் இல்லை. வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, கிளச்சைச் சட்டென்று விட்டேன். பின் சில்லு கிரவலில் இழுபட, வண்டி பக்கவாட்டில் சரிந்தது. முழங்கைத் தோலும் கிளச் லீவரும் போயின.

லீவர் மாற்றப் போன கராஜில்தான் இத்தனை வருடமாக ஓடியும் எனக்குக் கிளச் தெரியாது என்பது விளங்கியது. அந்த மெக்கானிக் அண்ணைக்கு இடது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே உண்டு. மற்றவை 2009 இல் ஷெல் பட்டுப் போனவை. அவர் ஓடுவது பழைய ட்றெயில் பைக், அதுவும் காட்டு றோட்டில்.

"தம்பி, கிளச் கியர் போடுறதுக்கு இல்லை. பாரத்தை எடுக்கிறதுக்கு" என்றார்.

கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. எந்தச் சக்கரம் தண்டோடு பூட்டப்படுகிறது என்பதை மட்டுமே நாங்கள் காலால் மாற்றுகிறோம். பூட்டுபவை சக்கரங்களின் பக்கத்தில் இருக்கும் தடித்த முட்டுகள். எஞ்சினின் விசை அவற்றின்மேல் இருக்கும்வரை இறுகிப் பிடித்திருக்கும், கழலாது. கிளச்சைப் பிடித்தால் ஒயிலுக்குள் இருக்கும் பிளேட்டுகள் விலகி, அந்த விசை அறுகிறது. கியர் மாறுகிறது.

விசையை அறுக்க இன்னொரு வழியும் உண்டு: அக்சிலேற்றரை ஒரு கணம் தளர்த்துவது. அண்ணை மேல் கியருக்குப் போவது அப்படித்தான். காலை கியர் பெடலின் கீழ் வைத்து மெதுவாக மேல்நோக்கி அழுத்திக்கொண்டே, அக்சிலேற்றரை ஒரு நொடிக்கும் குறைவாக விட்டுப் பிடிப்பார். கியர் தானே ஏறும். தயங்கித் தயங்கிச் செய்தால் முட்டுகள் தேயும். ஏற்கனவே கியர் கழன்று விழும் வண்டியில் இதை முயலவே வேண்டாம்.

கீழ் கியருக்கு இறக்கும்போது அவரும் கிளச் பிடிக்கிறார். நான் விழுந்ததும் இங்கேதான். கீழ் கியரில் அதே வேகத்துக்கு எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். நான் கிளச்சை விட்டபோது எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை இழுத்துச் சுற்றவைக்கும் வேலை பின் சில்லின் தலையில் விழுந்தது. தார் றோட்டில் ரயர் தாங்கியிருக்கும். கிரவலில் பிடி இல்லை, வழுக்கியது. ஆகவே கிளச் பிடித்திருக்கும்போதே அக்சிலேற்றரைச் சற்று முறுக்கி எஞ்சினைத் தூக்கிவிட்டு, பிறகு லீவரை மெதுவாக விடவேண்டும். ஒவ்வொரு கியராக, வளைவுக்கு முன்னாலேயே. கண்ணிவெடிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, றோட்டை விட்டு விலகினால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நான்கு விரலாலும் லீவரைப் பிடிக்கும் பழக்கத்தையும் அண்ணை விடச் சொன்னார். குழியில் சில்லு இறங்கும் நேரம் ஹாண்டிலைப் பிடிக்கப் பெருவிரல் மட்டுமே மிஞ்சும். சுட்டுவிரலும் நடுவிரலும் லீவரில், மற்றவை பிடியில். "எனக்கு வேற வழியில்லை. உனக்கு ஐஞ்சும் இருக்கு" என்று சிரித்தார்.

சுண்டிக்குளம் பக்கத்து மணலில் கதை வேறு. அக்சிலேற்றரை விட்ட கணமே மணல் வேகத்தைத் தின்றுவிடும். எஞ்சின் நன்றாக இழுக்கும்வரை அதே கியரில் நின்று, மாற்றுவதை விரைவாகச் செய்ய வேண்டும். எஞ்சின் திணறினால் கிளச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டுக் காப்பாற்றலாம், சில நொடிகளுக்குத்தான். நீண்டநேரம் அரைக் கிளச்சில் ஓடினால் பிளேட் கருகும். எஞ்சின் கத்துகிறது, வண்டி ஓடவில்லை என்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். காருக்கான ஒயிலை ஊற்றுவதாலும் சில வண்டிகளில் இப்படி வழுக்கும்.

கையில் பலம் குறைந்தவர்கள் இவரிடம் நிறைய வருகிறார்கள். புதுவண்டி வாங்குவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை; 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையவையும் விலை ஏறின. அவர் முதலில் பார்ப்பது கிளச் கேபிளை. மடங்காமல் ஓடவிட்டு, ஒயில் விட்டாலே பாதிப் பாரம் குறையும் என்கிறார். எஞ்சின் பக்கத்திலுள்ள கிளச் கையைச் சற்று நீட்டினால் இன்னும் இலகுவாகும், ஆனால் பிளேட்டுகள் விலகும் தூரமும் குறையும் என்பதால் அளவோடு செய்யவேண்டும். இடது கையே இல்லாதவர்களுக்கு எம்.டி. 90 போன்ற வண்டிகளைத்தான் காட்டுகிறார். வன்னியில் அதைத் தெரியாதவர் யார்? அதற்குக் கிளச் லீவரே இல்லை. பெடலை மிதிக்கும்போதே கிளச் விலகும், காலை எடுக்கும்போது சேரும். அதிலும் கீழ் கியருக்கு இறக்கும்போது காலைச் சட்டென்று எடுத்தால் பின் சில்லு இழுபடும். கைக்குச் சொன்ன அதே பாடம்தான் காலுக்கும்.

புது லீவரைப் பூட்டி, நுனியில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கராஜுக்குப் பின்னாலிருந்த வெறும் காணியைக் காட்டினார்.

"அதுக்குள்ள பத்துத் தரம் மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கிப்போட்டு வா. காசைப் பிறகு பாப்பம்."