கவிழ்வதே முதற் பாடம்

'கயாக்' என்னும் சிறு படகு ஆர்க்டிக் கரையோரத்து இன்யூட் மக்களின் கண்டுபிடிப்பாகும். மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் விலங்கின் தோலைப் போர்த்தி, ஒருவர் அமரும் அளவுக்கு மட்டும் நடுவில் திறப்பு விட்டு அதனைச் செய்தனர். வேட்டைக்கென்று பிறந்த அப்படகு இன்று பிளாஸ்டிக் உடல் பெற்று உலகெங்கும் விளையாட்டுப் படகாகிவிட்டது. அதனை ஓட்டக் கற்பது எளிது. அரை மணி நேரத்தில் எவரும் இருமுனைத் துடுப்பை வலித்து முன்னேறிவிடலாம். அந்த எளிமையிலேதான் ஆபத்தும் இருக்கிறது என்பது என் கருத்து. கை கற்றுக்கொள்ளும் வேகத்தில் தண்ணீரைப் பற்றிய அறிவு வருவதில்லை. ஆகவே நல்ல பயிற்சியாளர்கள் துடுப்பைக் கையில் கொடுக்கும்போதே வேறு சிலவற்றையும் கற்பிக்கின்றனர். அவை ஏன் தேவை என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சியே போதிய சான்றாகும்.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா இருக்கிறது. 1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், பிளிமத் நகரப் பள்ளி மாணவ மாணவியர் எண்மர், அவர்தம் ஆசிரியர் ஒருவர், பயிற்சி நிலையத்து வழிகாட்டிகள் இருவர் ஆகப் பதினொருவர் லைம் ரீஜிஸ் என்னும் ஊரிலிருந்து அடுத்துள்ள சார்மத்துக்குக் கயாக்குகளில் புறப்பட்டனர். கரையோரமாகவே இரண்டு மைலுக்கும் குறைந்த தொலைவு. நண்பகலுக்குள் முடிய வேண்டிய பயணம். சிறிது நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தியபின் மீண்டும் கவிழ்ந்தது. வழிகாட்டிகளுள் ஒருவர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்றவர் மாணவர்களின் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துப் பிடிக்கச் செய்தார். அந்தக் கூட்டத்தைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று. அலைநீர் புகுந்து படகுகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. குளிர்ந்த நீரில் நெடுநேரம் கிடந்த மாணவருள் நால்வர் உயிரிழந்தனர்.

அன்று வீசியது கரையிலிருந்து கடல் நோக்கிய காற்று. நிலக்காற்று, கடற்காற்று என்று பள்ளிப் புவியியலில் நாமும் படித்தோம். மதிப்பெண் பெற்றபின் மறந்தோம். கட்டுமரக்காரர் மறப்பதில்லை. கரையிலிருந்து வீசும் காற்றுக்கு ஒரு வஞ்சகம் உண்டு. அலை வளர்வதற்கு நீரின் மேல் தூரம் வேண்டும். கரையருகே அத்தூரம் இல்லை; குன்றுகளும் காற்றைத் தடுக்கின்றன. எனவே அங்கே நீர் குளம்போல் அமைதியாகத் தோன்றும். கரையில் நிற்பவன் காண்பதும் விலகிச் செல்லும் அலையின் முதுகை மட்டுமே. போகப்போக அலை உயரும். திரும்பும் வழியோ காற்றுக்கு எதிர்வழியாகிவிடும். ஆதலால் பயிற்சியாளர் புதியவரை நீர்க்கரையில் நிறுத்தி, "நீ துடுப்பை விட்டுவிட்டால் இந்தப் படகு எங்கே போய்ச் சேரும்?" என்று வினவ வேண்டும். இந்த வினாவுக்கு விடை சொல்லத் தெரியாதவரைப் படகேற்றலாகாது. முதல் நாள் பயிற்சிக்கு ஏரியோ, காற்று கரை நோக்கி வீசும் சிறு குடாவோதான் ஏற்ற இடம்.

அடுத்தது கவிழும் பாடம். படகு தலைகீழானால், இருக்கையில் செருகிய கால்களோடு மனிதனும் தலைகீழாகத் தொங்குவான். அப்போது உடல் தானாகவே பின்னே சாய்ந்து மேலே வரத் துடிக்கும். அப்படிச் செய்தால் தொடைகள் படகோடு மேலும் இறுகும். முன்னே குனிய வேண்டும். இரு கைகளாலும் படகின் விளிம்பைப் பற்றி இடுப்பைத் தள்ளி, குட்டிக்கரணம் போடுவதுபோல் வெளியேற வேண்டும். நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி மாட்டும் உறை இருந்தால், அதன் முன்வளையத்தை முதலில் இழுத்துவிட வேண்டும். இடுப்பளவு நீரில் பயிற்சியாளர் அருகில் நிற்க, முதலில் உறையின்றியும் பிறகு உறையோடும் இதனைப் பழக்குவர். வெளியேறுமுன் படகின் வயிற்றில் மூன்று முறை தட்டிவிட்டு வா என்பதும் உண்டு. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் தலைகீழாக நின்று மூன்று தட்டு தட்டியவனுக்குப் பதற்றம் பாதி போய்விடும். லைம் விரிகுடாவில் மாணவர் படகுகளுக்கு இவ்வுறை இல்லை. அலைநீர் தடையின்றி உள்ளே புகுந்தது.

வெளியே வந்தவன் படகை விடலாகாது. கரை பக்கத்தில்தானே என்று நீந்தத் தொடங்குவது பெரும் பிழை. தேடி வருவோர் கண்ணுக்கு ஒரு தலையைவிடப் படகே எளிதில் படும். மிதவைச் சட்டையைப் படகில் கட்டி வைப்பதால் பயனில்லை. உடலில் இறுக அணிந்திருத்தல் வேண்டும்.

குளிர்நீர் நாடுகளில் 'ஒன்று, பத்து, ஒன்று' என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகின்றனர். மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம். கைகால் பயன்படும் காலம் ஏறத்தாழப் பத்து நிமிடம். உடற்சூடு குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி. நீச்சலில் வல்லவனுக்கும் இக்கணக்கு பொருந்தும். நம் கடல் வெதுவெதுப்பானது. எனினும் மலை ஏரியில் படகேறுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இத்தனையும் கற்பிக்கக் கற்பிப்பவர்க்கே தகுதி வேண்டுமல்லவா? அந்த இரு வழிகாட்டிகளும் பெற்றிருந்தது தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டுமே. ஆபத்தை அறிவிக்கும் தீச்சுடர்க் குழல்களும் அவர்களிடம் இல்லை. பாதுகாப்புப் போதாதென்று அந்நிலையத்தைவிட்டு விலகிய பயிற்சியாளர் இருவர் முந்தைய ஆண்டே கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். 1994 டிசம்பரில் நீதிமன்றம் அந்நிறுவனத்தையும் அதன் நிருவாக இயக்குநரையும் உயிர்ப்பலிக்குக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. இயக்குநர் சிறை சென்றார். ஒரு நிறுவனமே இத்தகைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. 1995இல் இளைஞர்க்கான சாகசப் பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் கோரும் சட்டமும் வந்தது.

கடைசிப் பாடம் கரையில் இருப்பவர்க்கு உரியது. புறப்படுமுன் ஒரு தாளில் பெயர்கள், செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி, கரையில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால், "வந்துவிடுவார்கள்" என்று அவர் காத்திருக்கலாகாது. உடனே கடலோரக் காவலர்க்குத் தொலைபேசியில் தெரிவித்தாக வேண்டும். லைம் ரீஜிஸில் நண்பகலுக்குள் வர வேண்டியவர்களைக் காணவில்லை என்ற செய்தி காவலர்க்கு எட்டியபோது பிற்பகல் மூன்று மணி கடந்துவிட்டிருந்தது.