உண்ணி ஏறாத மாடு உண்டா?

காஞ்சிபுரம் பகுதியில் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த நெல் வயலிலும் நாட்டு மாடும் கலப்பின மாடும் சேர்ந்தே மேய்கின்றன. ஆனால் உண்ணி இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. கலப்பினப் பசுவின் மடியிலும் அலைதாடியிலும் கொத்துக் கொத்தாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் நாட்டுப் பசுவில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் என்ன?

உண்ணிக் குஞ்சு கடித்ததும் நாட்டு மாட்டின் தோல் அந்த இடத்தில் தடித்து அரிக்கிறது. மாடு நக்கி அதை அகற்றிவிடுகிறது. பெரும்பாலான குஞ்சுகள் வளராமலே மடிகின்றன. இத்திறன் பரம்பரையாக வருவது. சில முறை கடிபட்ட பின் வலுப்பெறுவது. குட்டையான, வழவழப்பான மயிரும் இதற்குத் துணை. குளிர்நாட்டு இனங்களுக்கு இத்திறன் குறைவு. அவற்றுள் பிரீசியனைவிட ஜெர்சி ஓரளவு தாங்கும்.

ஆஸ்திரேலியாவில் 1950-களில் சாஹிவால், சிவப்பு சிந்தி இனங்களை ஜெர்சியுடன் கலந்தார்கள். அதிக உண்ணி ஏறிய மாடுகளைக் கழித்து, பாலும் தாங்கும் திறனும் சேர்ந்த புதிய கறவை இனத்தை உருவாக்கினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒரே இனத்திலும் மாட்டுக்கு மாடு வேறுபாடு உண்டு. விடியற்காலையில் மாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் உளுந்தளவு உண்ணிகளை எண்ணுங்கள். வாரம் ஒரு முறை எண்ணிக் குறித்து வந்தால் எது தாங்குகிறது என்பது தெரியும். தாங்கும் பசுவின் கிடாரிக் கன்றையே வளர்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அயல் இரத்தம் மிகுந்த பசுவுக்குச் சினை ஊசி போடும்போது, சாஹிவால் போன்ற நம் நாட்டு இன விந்து பொருந்துமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. எனவே மாட்டுக்கு மட்டும் மருந்திட்டால் போதாது. கொட்டகைச் சுவரின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். குப்பையை அன்றாடம் அகற்ற வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உண்ணி அதற்குப் பழகிவிடும். மருந்தையும் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை

எந்த மாடும் உண்ணிக்கு முற்றிலும் தப்பியதல்ல. கடும் காய்ச்சல், கழலை வீக்கம், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது கண்டாலும் உண்ணி பரப்பும் இரத்த நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதித்தால், கடன்பட்டு வாங்கிய பசு கைவிட்டுப் போகும். கடன் மட்டும் மிஞ்சும்.

அடுத்த முறை சந்தையில் மாடு பிடிக்கும்போது மடியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தோலையும் தடவிப் பாருங்கள்.