சத்தமில்லாத லீக்

போன கோடையில, சென்னையில நான் வாடகைக்கு இருக்குற மாடி வீட்டுல தினமும் விடியுறதுக்குள்ள டேங்க் காலி. லாரித் தண்ணி வாங்கி மாளலை. கீழே இருக்குற ஹவுஸ் ஓனர் அம்மா என்னைத்தான் முறைச்சாங்க. ஆனா ஒரு குழாய்கூட சொட்டலை.

கடைசியில டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் மேல சந்தேகம் வந்துச்சு. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரி பவுடர் கலந்தேன். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. (நாலு பேர் இருக்குற வீட்டுல இதுதான் கஷ்டம்!) திரும்பி வந்து பார்த்தா, கோப்பைக்குள்ள ஆரஞ்சு நிறம். அடியில இருந்த ரப்பர் வாஷர் தேய்ஞ்சு, தண்ணி நைஸா வழிஞ்சிருக்கு. உடனே பக்கத்துல இருந்த ஆங்கிள் வால்வை மூடினேன். புது வாஷர் போட்டதும் நின்னுடுச்சு.

உங்க வீட்டுல நிறம் இறங்கலையா? ராத்திரி மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடிட்டு, மேல் டேங்க்ல தண்ணி மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில இறங்கியிருந்தா டேங்கையோ பைப்பையோதான் சந்தேகப்படணும். அதுக்கு பிளம்பரைக் கூப்பிடுங்க.