உங்களுக்குத் தெரியுமா? அப்பா படிக்காததற்கும் சான்றிதழ் உண்டு!

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் செந்துறை தாலுகாவில் இ-சேவை மையம் தேடிப்போகும் பிள்ளைகள் சாதி, வருமானச் சான்றிதழ்களோடு இன்னொன்றுக்கும் விண்ணப்பிப்பார்கள்: முதல் பட்டதாரி சான்றிதழ். அப்பா, அம்மா மட்டுமல்ல. தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள் என வீட்டில் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கான அத்தாட்சி இது. 2010இல் வந்த திட்டத்தின்படி, கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்தால் இதைக் காட்டிக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அப்பா இன்னமும் அதே முந்திரிக் கொல்லையில் கூலிக்குத்தான் போவார். கணக்கில் மட்டும் அது படித்த வீடாகிவிடும்!

கட்டணம் குறைந்தால் போதுமா? இதே தாலுகாவின் குழுமூர் அனிதாவின் அப்பா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மகள் 2017 பிளஸ் 2வில் எடுத்தது 1200க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 196.75. முந்தைய ஆண்டுகளின் முறைப்படி இடம் உறுதி. அந்த ஆண்டு சேர்க்கையைத் தீர்மானித்த நீட் நுழைவுத் தேர்விலோ 720க்கு 86. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன அந்தப் பெண், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

நீட்டில் பின்தங்கும் பிள்ளைகளுக்காக 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அடுத்த ஆண்டே இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் இதேபோல் ஒதுக்கீடு வந்தது. இங்கே பெற்றோரின் பட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாரா என்பதுதான் முக்கியக் கேள்வி. கடன் வாங்கி, நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளியில் சேர்த்த கூலித் தொழிலாளியின் பிள்ளை இதில் வர முடியாது.