ஆர்டர் வேறு, விற்பனை வேறு!

வாரம் நாலு பெட்டி விற்கிற சரக்குக்கு எட்டுப் பெட்டி எழுதிக் கொடுக்கிறோம். போன தடவை வரவில்லையே, இந்தத் தடவை சேர்த்தே போட்டுக்கொள்வோம் என்ற எண்ணம்தான். இந்தக் கூடுதல் தொழிற்சாலை வரை போய் என்ன செய்கிறது என்று வணிகர்களாகிய நாம் யோசிப்பதில்லை.

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் ஜெனரல் எலெக்ட்ரிக் தொழிற்சாலைகளில் 1950களில் ஒரு புதிர். ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிப்டு வேலை; சில ஆண்டுகளில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இருப்பு, ஆள், ஆர்டர் மூன்றையும் நோட்டுத் தாளில் எழுதி, அடுத்தடுத்து என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். ஆர்டர் சீராக வந்தாலும், நிர்வாகம் முடிவெடுக்கும் முறையே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது. இப்படித் தொழிற்சாலையைத் தொடாமல் கணக்கிலேயே நடத்திப் பார்ப்பதுதான் சிமுலேஷன்.

இதையொட்டி எம்.ஐ.டி.யில் ஒரு விளையாட்டும் பிறந்தது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நாலு பேர். சரக்கு, பீர் பெட்டி. வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்குகிறார். பிறகு 8 ஆகிறது, அதிலேயே நிற்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் சரக்கு வந்துசேரச் சில வாரமாகும். கடைக்காரர் பயந்து கூடுதலாகக் கேட்க, மொத்த வியாபாரி அதற்கும் மேல் கேட்க, தொழிற்சாலைக்குப் போகும் ஆர்டர் எங்கோ போய்விடுகிறது. கடைசியில் எல்லார் குடோனிலும் தேக்கம். ஆடியவர்களோ வாடிக்கையாளரைக் குறை சொல்கிறார்கள்!

இன்று பெரிய தொழிற்சாலைகள் கம்ப்யூட்டரில் தங்களுக்கே ஒரு நகல் வைத்திருக்கின்றன. டிஜிட்டல் ட்வின் என்கிறார்கள். இரட்டைப் பிள்ளை மாதிரி. இயந்திரத்தின் ஓட்டம், இருப்பு, ஆர்டர் எல்லாம் அவ்வப்போது அதற்குள் போகும். நாளைய உற்பத்தியை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிஜத்தில் செய்வார்கள். ஆனால் உள்ளே போகும் கணக்குப் பொய்யானால் வெளியே வருவதும் பொய்தான். அந்தக் கணக்கின் முதல் வரி நம் கடையில்தான் எழுதப்படுகிறது.

எனவே ஆர்டர் எழுதுமுன் மூன்றைப் பார்ப்போம்: சென்ற வாரம் உண்மையில் விற்றது, கையிருப்பு, ஏற்கெனவே கேட்டு இன்னும் வராத சரக்கு. மூன்றாவதை மறப்பதே அந்த விளையாட்டில் பலர் செய்யும் தவறு. வழியில் வரும் சரக்கும் நம் சரக்கே. மறந்து மறுபடி எழுதினால் முடங்குவது நம் முதல்தான்.